என் சகலையின் நல்ல பேர்

ஒருத்தனை ஊரே கூடி நல்ல மனுசன் என்று சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பூட்டு வேலை பார்க்கிறவனுக்கு அப்படித்தான் வரும். புருசனுக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பூட்டு மாற்றச் சொல்லி ஒரு பெண்டாட்டி வருவாள். அவள் படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில், அதே பீரோவுக்கு ரகசியமாக ஒரு சாவி போட முடியுமா என்று புருசன் வந்து நிற்பான். இரண்டு பேரையும் ஊரில் நல்லவர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் பொட்டு அளவு கடை ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்றால் எனக்கும் என் சகலைக்கும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். சாவி வெட்டும் மெஷின் ஒன்று, மேசை இரண்டு. வாசலை ஒட்டின மேசை என்னுடையது. வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "அவர் இல்லையா?" என்பார்கள்.

தொழிலில் அவன் என் கால் தூசிக்குக் காண மாட்டான். ஒரு பித்தளைச் சாவிக்குப் பல் எடுக்க உட்கார்ந்தால் அரத்தை வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே இருப்பான். நான் அதற்குள் மூன்று பேரை அனுப்பிவிடுவேன். ஆனால் அந்த மூன்று பேரும் அவன் மேசையில் ஆள் இருந்ததால் என்னிடம் வந்தவர்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எப்படிச் சிரித்த முகமாகச் சாவி கொடுப்பது?

அவன் மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை உண்டு, முழுக்க ஆணி அடித்தது. வெளியூர் போகிறவர்கள், தனியாக இருக்கிற பெண்கள், மறதிக்காரர்கள் எல்லாரும் அவரவர் வீட்டு மாற்றுச் சாவியை அவனிடம் கொடுத்து வைப்பார்கள். அவன் எந்தச் சாவியிலும் பேர் எழுத மாட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலரில் நூல் கட்டித் தொங்கவிடுவான். எது யார் வீட்டுச் சாவி என்பது அவன் தலைக்குள் மட்டும் இருக்கும். "யாராவது பலகையையே தூக்கிட்டுப் போனாலும் எந்தக் கதவுன்னு தெரியக் கூடாதுல்ல அண்ணே" என்பான். என் பக்கத்துச் சுவரிலும் ஆணி இருக்கிறது. அதில் என் சட்டை தொங்கும்.

பக்கத்துக் கடையில் முடி வெட்டுகிறவனுக்கு ரேடியோ என்று பேர். அவன் கத்திரி நின்றாலும் வாய் நிற்காது. ஒருநாள் அவன் என்னைப் பார்த்து, "என்னண்ணே, உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்குப் போறாங்க போல? இப்பத்தான் வந்து சாவி குடுத்துட்டுப் போச்சு" என்றான்.

"யார்கிட்ட குடுத்துச்சு?"

"உங்க சகலைகிட்டதான். நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க."

திரும்பிப் பார்த்தேன். பலகையில் புதிதாக ஒரு நீல நூல்.

என் மகள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த வீட்டுப் பூட்டே நான் மாட்டியது. நான் டீ குடிக்கிற நேரம் பார்த்து வந்து, சித்தப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்று நான் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன்.

"அதுக்கு ஏன் என்கிட்ட எகிறுறீங்க? மாப்பிள்ளையோட அம்மாவைப் பாக்கப் போறாங்களாம். ஒரு வாரம் ஆகுமாம்."

"சாவியை ஏன் அவன்கிட்ட குடுத்தா?"

"உங்ககிட்ட குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா? போய்த் திறந்து, அது ஏன் இங்க இருக்கு, இது ஏன் அங்க இருக்குன்னு போன்ல கேப்பீங்க."

"அவன் மட்டும் திறக்க மாட்டானாக்கும்?"

"அவரு திறக்க மாட்டாரு" என்றாள், என்னவோ சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல.

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. கையில் சாவி இருக்கிறவன் ஒருநாளாவது திறந்து பார்க்காமல் இருப்பானா? இந்தத் தொழிலில் நான் பார்க்காத மனிதனா? இவன் வேஷத்தைக் கலைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

பூட்டு இறுகினால் நாங்கள் எண்ணெய் விட மாட்டோம், பென்சில் கரியைத் தூளாக்கி உள்ளே ஊதுவோம். கொஞ்சம் போட்டால் பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்கும். அளவுக்கு மேல் போட்டால் உள்ளே போகிற சாவி கரிக்கட்டையாகத்தான் வெளியே வரும். மகள் ஊருக்குப் போன அன்றைக்கே அவள் வீட்டு வாசலில் குனிந்து, பூட்டுக்குள் ஒரு காகிதக் கூம்பு நிறையக் கரித்தூளை ஊதிவிட்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். "பூட்டு சர்வீஸ்மா" என்றேன்.

தினமும் சகலை கை கழுவப் போகிற நேரம் அந்த நீல நூலை எடுத்துப் பார்ப்பேன். பித்தளை பளபளவென்று இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் காலையில் எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தேன். துணி கறுத்தது.

என் கல்யாணத்தன்றைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டது கிடையாது.

சகலை ஈரக் கையோடு வந்தான். அவன் மேசைக்கு முன்னால், அவனிடம் வீட்டுச் சாவி கொடுத்து வைத்திருக்கிற டீச்சரம்மா உட்கார்ந்திருந்தது. என் மேசை காலி. ரேடியோ பக்கத்தில் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"என் பொண்ணு வீட்டைத் திறந்தியா?"

அவன் சாவியைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். தொழில் தெரிந்தவன்தானே, உடனே புரிந்துவிட்டது. மறுக்கவில்லை.

"திறந்தேன் அண்ணே."

"எதுக்கு?"

"ஒரு வேலை இருந்துச்சு."

"ஆள் இல்லாத வீட்டுல உனக்கு என்னய்யா வேலை?"

"பாப்பா வரட்டும். அவ சொல்லுவா."

"அவ என்ன சொல்றது? நீ சொல்லு. டீச்சரம்மா கேக்குதுல்ல, சொல்லு."

அவன் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். டீச்சரம்மா ஒரு மாதிரி நெளிந்துவிட்டு, "என் சாவியையும் குடுத்துடுங்க, கொஞ்சம் வேலை இருக்கு" என்றது. அவன் எழுந்து, மஞ்சள் நூல் கட்டின சாவியை எடுத்துக் கொடுத்தான்.

மிச்சத்தை ரேடியோ பார்த்துக்கொண்டான். தலை முடி வளர்கிற ஊரில் அவன் கடைக்கு வராதவர் யார்? பலகையில் ஆணிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிலர் நேராக வந்து கேட்டார்கள். சிலர் வெளியூர் போகப்போவதாகச் சாக்குச் சொன்னார்கள். வெளியூர் போகிறவன்தானே சாவியைக் கொடுத்து வைப்பான்? அவன் ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான்.

என் மேசைக்கு முன்னால் கூட்டம். "நீங்களே செஞ்சு குடுங்கண்ணே." இதற்குத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்? வெளுத்துக் கட்டினேன். மெஷின் சூடேறிப் போயிற்று.

நடுவில் ஒருநாள் என் கொழுந்தியாள் கடைக்கே வந்தாள். அவன் மெஷின் பெல்ட் வாங்கப் போயிருந்தான்.

"மாமா, எதுக்குத் திறந்தாருன்னு என்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறாரு. எங்க அக்கா என்கிட்ட பேச மாட்டேங்குது. நான் யாரை நம்புறது?"

"என்னைக் கேட்டா?"

"ஏதாவது எடுத்தாராமா?"

"எனக்கென்ன தெரியும்? பொண்ணு வந்து பாத்துத்தான் சொல்லணும்."

அவள் அழுதுகொண்டே போனாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வாயால் ஒரு வார்த்தை, "அப்பா, உங்ககிட்டயே சாவியைக் குடுத்திருக்கலாம்" என்று. அது போதும் எனக்கு.

வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் கடையை விட்டுவிட்டு ஓடினேன். மாப்பிள்ளை கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். மகள் கட்டிலில் படுத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் அதைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"உங்க சித்தப்பன் லட்சணம் தெரியுமா? நீ இல்லாதப்ப வீட்டைத் திறந்திருக்கான்! கையும் களவுமா பிடிச்சேன்."

"நான்தாம்பா திறக்கச் சொன்னேன்."

"நீயா? எதுக்கு?"

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

"நாங்க ஊருக்குப் போகலப்பா. இங்கதான், ஆஸ்பத்திரில இருந்தேன். இந்தத் தடவையும் தங்கல."

அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பத்திரமா இருக்கணும்னு டாக்டர் முன்னாடியே வந்து படுக்கச் சொன்னாங்க. அப்புறம் ரொம்ப முடியாமப் போச்சு. இவர் என்னை விட்டு நகர முடியல. மாத்துத் துணி வேணும், ஃபைல் வேணும். சாவி சித்தப்பாகிட்ட இருந்துச்சு, அவருக்குப் போன் பண்ணேன். ராத்திரியோட ராத்திரியா கொண்டாந்து குடுத்தாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். சித்திகிட்டகூடவான்னு கேட்டாரு. ஆமான்னேன். சரின்னுட்டுப் போயிட்டாரு."

"என்கிட்ட சொல்லக் கூடாதா? பெத்தவன்தானேடி நான்?"

"போன தடவை உங்ககிட்டதாம்பா முதல்ல சொன்னேன்." அவள் சத்தமே போடவில்லை. "அன்னைக்குச் சாயங்காலமே ரேடியோ அண்ணன் என்னைத் தெருவுல நிறுத்திப் பேர் என்ன வைக்கப் போறேன்னு கேட்டாரு. அது போனதுக்கப்புறமும் மாசக்கணக்குல எல்லாரும் விசாரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

அன்றைக்குச் சந்தோஷத்தில் ரேடியோவிடம் சொல்லிவிட்டேன். தாத்தா ஆகப்போகிறவன் சொல்லாமல் இருப்பானா?

"அம்மாகிட்ட நானே சொல்லிக்குவேன், எனக்கு எப்பத் தோணுதோ அப்ப. அதுவரைக்கும் உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக் கூடாது."

"அப்ப சித்தப்பன்? கடைத்தெருவுல எல்லாரும்..."

"என்ன எல்லாரும்?"

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அது நீங்க பண்ணதுப்பா. நீங்களே சரி பண்ணுங்க. என்னை இழுக்காம."

திரும்பி நடந்தேன். நடக்க நடக்க வயிறு எரிந்தது. மகளுக்காக அழ வேண்டிய நேரத்திலும் எனக்கு எரிந்தது அவனை நினைத்துத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். கட்டின பெண்டாட்டியே சந்தேகப்பட்டாள், பலகை காலியானது, அப்போதும் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால்? டீச்சரம்மா நெளிந்த நிமிடமே ஆஸ்பத்திரி, வார்டு, டாக்டர் பேர் எல்லாம் கொட்டியிருப்பேன். நல்ல குணம் என்றால் சிரித்துப் பேசுவது, எல்லாரையும் கும்பிடுவது, அதை எவனும் நடிக்கலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதை நடிக்க முடியாது. இதற்கு உள்ளே ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது எனக்கு ஏன் கொடுக்கப்படவில்லை?

கடைக்கு வந்தேன். ரேடியோ, "என்னண்ணே, பொண்ணு வந்தாச்சா? ஏதாவது காணோமா?" என்றான். அவன் நாற்காலியில் ஒரு ஆள், பெஞ்சில் இரண்டு ஆள். சகலை தலை நிமிரவில்லை, அரம் மட்டும் நின்றது.

"ஒண்ணும் காணாமப் போகல. தப்பு என்மேல" என்றேன்.

"உங்கமேலயா?"

"நான்தான் அவனைத் திறக்கச் சொல்லியிருந்தேன். குழாய் மூடியிருக்கா, கேஸ் மூடியிருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னேன். சொன்னதை நானே மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு நின்றேன். யாராவது ஒருத்தன், "என்னய்யா கதை விடுறே? உனக்காவது மறதியாவது?" என்று கேட்பான் என்று பார்த்தேன். ஒருத்தனும் கேட்கவில்லை. ரேடியோ கத்திரியால் காற்றிலேயே ஒரு வெட்டு வெட்டினான்.

"அட, அதானே பாத்தேன்! அந்த மனுசனாவது திறக்கிறதாவது! அண்ணனுக்கு மறதி வந்துடுச்சுன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு இத்தனை நாள் வாயைத் திறக்காம இருந்திருக்காரு பாருங்கய்யா!"

பெஞ்சில் இருந்த ஒருவர், "மனுசன்னா இவருதான்" என்றார்.

நான் உயிரைக் கொடுத்துச் சொன்ன பொய், அதுவும் அவன் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது.

சகலை என் மேசைப் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல், "பாப்பா எப்படி இருக்கா அண்ணே?" என்றான்.

"தூங்குறா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். என்னைத் திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஆணிகளில் மறுபடி நூல் ஏறிவிட்டது. முன்னைவிட அதிகம். மனைவியும் கொழுந்தியாளும் ராசியாகிவிட்டார்கள். எனக்கு மறதி என்று வீட்டில் கீரைக்கட்டு வாங்கக்கூட அனுப்புவதில்லை. நேற்று டீச்சரம்மா வந்து அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் என் மேசையில் ஒரு பழைய பூட்டை வைத்தது. காது கேட்காதவனிடம் சொல்வது போல இழுத்து இழுத்துச் சொன்னது:

"பெரியவரே, இது என் பூட்டு. நாளைக்கு வருவேன். ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்மா" என்றேன்.

"எதுக்கும் அவர்கிட்டயும் சொல்லிட்டே போறேன்" என்று திரும்பி அவனிடமும் சொன்னது.

ரேடியோ பக்கத்துக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தான். சகலையைப் பார்த்தேன். அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவனாவது சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பாவி, குனிந்தபடி அரம் போட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கவே இல்லை.