மதிப்பே இல்லாத மாளிகை

எகிப்தில் பாஷா பட்டத்தை ஒழித்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் அக்காள் புருஷன் நஸ்மிக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அலெக்சாந்திரியாவின் ருஷ்தி பகுதியில், பருத்தித் தரகரான அவருடைய தாத்தா 1928இல் கட்டிய வில்லாவில் அவர் பாஷாவாகவே வாழ்ந்துவந்தார். அந்த வில்லாவை இடிப்பதுதான் பாஷாவின் ஒரே லட்சியம்.

காரணம் நியாயமானது. மகன் ஹாஸிமுக்கு நிச்சயமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஃபிளாட் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பெண்ணின் அப்பா லம்லூம், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. "பெருநாளுக்குள்ள சாவி கைக்கு வரலேன்னா மோதிரத்தைத் திருப்பி அனுப்பிடுவேன்" என்று கெடு வைத்துவிட்டார். வில்லாவை இடிக்க அனுமதி கிடைத்த அன்றே ஹாஸிமுக்கு ஒரு புது ஃபிளாட் தருவதாகக் கட்டடக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் வில்லா, இடிக்கக் கூடாத கட்டடங்களின் பட்டியலில் இருந்தது. மதிப்பில்லாதது என்று நிரூபித்தால் பெயரை நீக்குவார்கள். மனுப் போட்டோம். அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குழு பார்வையிட வருவதாகப் பதில் வந்தது.

ஒரு மாதம் உழைத்தோம். ஹாலிலிருந்த பளிங்குத் தூண்களுக்குப் பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தோம். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பிளைவுட்டால் மூடினோம். அஸ்திவாரம் இளகட்டும் என்று தோட்டக் குழாயைச் சுவரோரம் திறந்துவிட்டதில் கொய்யா மரம்தான் இரண்டு மடங்கு காய்த்தது.

"மச்சான், மூணு வார்த்தைக்கு மேல பேசாதீங்க. பழசு, ஒழுகுது, இடிக்கணும். அவ்ளோதான்" என்றேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா மாப்ளே? நான் வாயே திறக்கமாட்டேன்."

"தூங்கறப்பகூட மூடினதில்ல" என்றாள் என் அக்காள் தவ்லத்.

குழுவிலிருந்து பேராசிரியை ஸஃபினாஸும் ஒரு வழுக்கைத் தலை எஞ்சினியரும் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். அம்மையார் தூண்களைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தாலி ஆர்க்கிடெக்ட் குவெர்ரா கட்டினதுன்னு பட்டியல்ல இருக்கு. எனக்கு அப்படித் தெரியல. அவரைப் பார்த்துக் காப்பியடிச்ச யாரோ ஒரு மேஸ்திரி வேலை. நீக்கிடலாம்."

பேனாவைத் திறந்தார். அக்காள் கண்ணை மூடிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். பாஷாவின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது.

"மேஸ்திரியா?"

"ஆமா. எதிர்ல ஸுரூர் வீட்டைப் பாருங்க. அதான் அசல் குவெர்ரா."

"யாரு, புண்ணாக்கு வித்த ஸுரூரா?" பாஷா எழுந்துவிட்டார். "இந்த ஹால்லதாம்மா எங்க தாத்தா குவெர்ராவை மூணு மாசம் உட்கார வச்சு வரைய வச்சாரு!"

சாவிக்கொத்தை எடுத்துத் தூணைச் சுரண்டினார். பளிங்கு தெரிந்தது. பிளைவுட்டைப் பிய்த்தார். அம்மையாரின் கோப்பின் மேல் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் விழுந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வரைபடத்தை உருவி விரித்தார்.

"கையெழுத்தைப் படிங்க. சத்தமாப் படிங்க!"

"ஒழுகுது மச்சான், ஒழுகுது" என்று காதில் முணுமுணுத்தேன்.

"எங்கடா ஒழுகுது? நூறு வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகியிருக்கா?"

அத்தோடு நிற்கவில்லை. இருவரையும் தன் படுக்கையறைக்கே இழுத்துப்போய்ப் பொன்முலாம் பூசிய விதானத்தைக் காட்டினார். "படுத்துப் பாருங்க டாக்டர். இந்த சீலிங்கைப் படுத்துத்தான் பார்க்கணும்." அம்மையார் மறுத்துவிட்டார். எஞ்சினியர் ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தார். எழுந்திருக்க அவருக்கு மனமே வரவில்லை.

"மன்னிக்கணும் பாஷா, நான்தான் தப்பா எடை போட்டுட்டேன்" என்றார் அம்மையார். "முதல் தரம்னு எழுதிடறேன். இனி இதை யாரும் தொட முடியாது."

பாஷா வெற்றியோடு எங்களைப் பார்த்தார். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"தவ்லத்..."

"பேசாதீங்க."

வியாழக்கிழமை லம்லூம் கோட்டு சூட்டோடு வந்தார். மோதிரம் வந்துவிட்டது என்று அக்காள் அழவே ஆரம்பித்துவிட்டாள். மனிதர் பாதி சுரண்டிய தூணைத் தடவிப் பார்த்தார்.

"முதல் தரமாமே? எங்க ஆபீஸ்ல ஒருத்தன் பொண்ணுகூட லிஸ்ட்ல இருக்கற வீட்டுக்கு மருமகளாப் போகல. ஃபிளாட்டெல்லாம் எதுக்குங்க? என் பொண்ணு இங்கேயே இருக்கட்டும்."

பாஷாவுக்கு மார்பு விரிந்தது. "எந்த ரூம் வேணுமோ எடுத்துக்கச் சொல்லுங்க!"

"அந்த சீலிங் இருக்கற ரூம்" என்றார் லம்லூம், மூச்சுவிடாமல்.

பெருநாளுக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. பாஷாவும் அக்காளும் இப்போது மொட்டைமாடியில், துணி துவைக்கும் அறையில் குடியிருக்கிறார்கள். யார் வந்தாலும் பாஷா மேலே அழைத்துப் போய், கைப்பிடிச் சுவரோரம் நிறுத்திச் சொல்கிறார்:

"கீழே இருந்தா ஒண்ணும் தெரியாதுங்க. வில்லாவோட அழகை இங்கேயிருந்துதான் பார்க்கணும்."

"ஆமா" என்கிறாள் அக்காள், துணி பிழிந்துகொண்டே. "இங்கேயிருந்து கடல் தெரியும், டிராம் தெரியும், அடுத்தவன் வீடெல்லாம் தெரியும். நம்ம வீடு ஒண்ணுதான் தெரியாது."