மூடிய ஆண்டு: காலி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குப்புராஜுக்குச் சொந்தமான கம்பி மில்லை மூட முடியாது. அவரே மூன்று முறை முயன்று பார்த்துவிட்டார்.

முதல் முயற்சி அக்டோபர் மாதத்தில் நடந்தது. இரண்டு வருடமாக ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததால், முப்பத்தொன்றாம் தேதியோடு மில் மூடப்படும் என்று நோட்டீஸ் அடிக்கும்படி ஆபீசில் பில் போடும் மெர்சியிடம் சொன்னார். மெர்சியின் கணவன் ஸ்டீவனுக்கும் அதே மில்லில்தான் வேலை, உலையடியில். மூடினால் மீஞ்சூரில் அவர்கள் வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றுவிடும். வேறு வேலைக்கு ஆகுமே என்று மெர்சி மதிய நேரங்களில் ஆபீஸ் கணினியில் டேட்டாபேஸ் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்குக் கொடுத்திருந்தது உலகத்தின் மிகப் பழைய நிறுவனங்களின் பட்டியல்: பெயர், விலாசம், நாடு, தொடங்கிய ஆண்டு, மூடிய ஆண்டு. ஆயிரம் வருடத்தைத் தாண்டியவற்றைக் காட்டு என்று அவள் ஒரு வரி எழுதினால் காட்டும். ஒருமுறை மலையடிவாரத்து விடுதி ஒன்று வந்தபோது அதன் வெந்நீர் ஊற்றின் ஆவி திரையிலிருந்து கிளம்பி அவள் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. துடைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஸ்டீவன் டிபன் டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா மெர்சி, படம் பாத்துக்கினு கீறியா?"

"பழைய கம்பெனிங்கப்பா. இத பாரு, பீர் கம்பெனி. ஆயிரம் வருஷமா ஓடிக்கினு கீது."

"அத்த எவன் மூடுவான்? நம்மளுத போடு, பாக்கலாம்."

பட்டியலின் கடைசியில் தங்கள் மில்லையும் சேர்த்தாள். மூடிய ஆண்டு என்ற இடத்தில் நடப்பு ஆண்டை அடித்தாள். உண்மை அதுதானே. ஆனால் பார்க்கப் பொறுக்கவில்லை. அதைக் காலியாக்கு என்று ஒரு கட்டளை எழுதியவள், எந்த நிறுவனத்துக்கு என்ற நிபந்தனையைச் சேர்க்க மறந்துவிட்டாள். டேட்டாபேஸ் படிக்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு. ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று வரிசைகள் மாற்றப்பட்டன என்றது கணினி. உலகத்தில் எப்போதோ மூடிப்போன நிறுவனங்களுக்கெல்லாம் மூடிய ஆண்டு இல்லாமல் போயிற்று. திருப்பி எடுக்க வழியில்லை.

மறுநாள் அவள் அச்சடித்த நோட்டீசில் தேதி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஏம்மா, தேதி போடலயா?"

"போட்டேன் சார். நிக்க மாட்டேங்குது."

இரண்டாவதாக, குப்புராஜ் தன் பேனாவால் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேஜையிலிருந்து அறிவிப்புப் பலகைக்குப் போவதற்குள் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. தேதியில்லாத நோட்டீஸ் செல்லாது என்றார் வக்கீல். மூன்றாவதாக, முப்பத்தொன்றாம் தேதி மாலை, நோட்டீசே இல்லாமல் பெரிய கேட்டுக்குப் பூட்டுப் போடப் பார்த்தார். ஐந்து பூட்டு வாங்கினார், ஒன்றும் அழுந்தவில்லை. மில் தொழிலாளர்கள் அறுபத்திரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேஜாரு புடிச்ச பூட்டு சார், உடுங்க" என்றான் ஸ்டீவன். குப்புராஜ் படியிலேயே உட்கார்ந்து, ஆறு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய் ராத்திரி ஷிப்டைப் பாருங்கள் என்றார்.

நவம்பர் இரண்டாம் வாரம் கடிதங்கள் வரத் தொடங்கின. முந்நூறு வருடம் ஓடி மூடியிருந்த மணி வார்க்கும் பட்டறை ஒன்று, மறுபடி திறந்துவிட்டதாகவும் கூரை இடிந்து கிடப்பதால் பன்னிரண்டு டன் கம்பி வேண்டும் என்றும் எழுதியிருந்தது. பிறகு ஒரு காகித ஆலை, ஒரு மருந்துக் கடை, இரண்டு சத்திரங்கள். பட்டியலின் கடைசி வரிசையில் விலாசத்தைப் பார்த்தோம் என்றார்கள் எல்லோரும். பொங்கலுக்குள் இன்னும் முப்பது பேரை வேலைக்கு எடுத்தார்கள். மெர்சி அந்தப் பட்டியலை அதற்குப் பிறகு தொடவில்லை.

சென்ற வாரம், இருநூறு வருடத்துக்கு முன் மூடியிருந்த ஒரு சாராய ஆலைக்குப் பில் போட்டார்கள். குப்புராஜ் விலாசத்தைப் படித்துவிட்டு மெர்சியிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"டோர் நம்பர் புதுசா, பழசா?"

"பழசு சார்."

அப்படியே எழுதிக்கொண்டார்.