கடைசிவிலையார் மாற்றிய இருக்கை

படகுத்துறை எழுத்தர் சாவியைக் கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார். "ஓட்டுறவர் குடிக்கக் கூடாது சார். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும்."

"ரெண்டு பீர்?"

"ஒண்ணு கூடக் கூடாது."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணு."

எழுத்தர் சிரிக்கவில்லை.

டைல்ஸ் கடை வைத்திருக்கும் அந்த மனிதருக்குக் 'கடைசிவிலையார்' என்று பெயர் வைத்தது சந்தை. மருத்துவர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால், ஏழு நாளுக்குப் பேசி முடித்துவிட்டு வருகிறவர். அன்று மனைவியோடு சம்பந்தியாக வரப்போகிறவரையும் கூட்டி வந்திருந்தார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மகள் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அதற்குள், தான் வாங்கித் துறையில் விட்டிருக்கும் புதுப் படகைக் காட்டிவிட வேண்டும் என்று இவருக்குக் கை பரபரத்தது.

ஏரி நடுவில் ஐஸ் பெட்டி திறந்தது. லைஃப் ஜாக்கெட்டை மற்ற இருவரும் மாட்டியிருந்தார்கள். இவர் தன்னுடையதை ஓட்டும் இருக்கையில் மெத்தையாகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வேணாங்க, காலையிலயே சொன்னேன்ல" என்றாள் மனைவி.

"இது என்ன ரோடா? எதிர்ல லாரி வருதா, பஸ் வருதா? தப்பா நினைக்காதீங்க சம்பந்தி, உங்க பஸ்ஸச் சொல்லல."

"நாங்க தினமும் ஊதிக் காட்டிட்டுத்தான் சாவியே வாங்குவோம்" என்றார் ஓட்டுநர், மெதுவாக.

"அது சம்பளத்துக்கு ஓட்டுறவங்களுக்கு. நாம சந்தோஷத்துக்கு ஓட்டுறோம்."

ஓட்டுநர் படகின் சாவியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பீர் டின் மூன்றானது. கரையில் மூன்று டின் கடைசிவிலையாரை அசைக்காது. இங்கே வெயிலும் அலையின் ஆட்டமும் கூட்டுச் சேர்ந்துகொண்டு வேலையைக் காட்டின.

அப்போதுதான் ரோந்துப் படகு தூரத்தில் இவர்கள் பக்கம் திரும்பியது. உடம்பு தள்ளாடினாலும் அவருடைய வியாபார மூளை மட்டும் சுறுசுறுப்பாக எழுந்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "வா, இங்க உக்காரு."

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "எனக்கு இதுல பிரேக் எங்கன்னு கூடத் தெரியாதுங்க!"

"இதுல பிரேக்கே கிடையாது. உக்காரு."

ரோந்து அதிகாரி பக்கத்தில் வந்து கருவியை நீட்டினார். அவள் ஊதினாள். சைபர். "நல்லதுங்கம்மா. துறை வரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வாங்க. பின்னாலயே வர்றோம்."

கடைசிவிலையார் நினைத்துப் பார்க்காத விலை இது. அவள் எதையோ தள்ள, படகு எகிறிப் பாய்ந்தது. "இடது, இடது" என்று கிசுகிசுத்தவர், காட்டியது வலது கையால். படகின் மூக்கு நீச்சல் எல்லையில் கட்டியிருந்த ஆரஞ்சு மிதவைகளை நோக்கித் திரும்பியது. மிதவைகளுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு நீரில், ஒரு பெண் தன் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

பேருந்து ஓட்டுநர் எட்டிச் சாவியைத் திருப்பினார். இயந்திரம் அடங்கியது. படகு வழுக்கிப்போய் ஒரு மிதவையை முட்டி நின்றது.

"இவ்வளவு நேரமா யாரும்மா ஓட்டினது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்" என்றாள் மனைவி, தலையைக் குனிந்தபடி.

இருபத்தாறு வருடமாகக் கடையில், கீறல் விழுந்த டைலை 'கீறல்' என்று சொல்லியே வியாபாரத்தைக் கெடுப்பவள் அவள். அந்த வாயில் இன்று அவருக்காக ஒரு பொய் வந்துவிட்டது. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இல்ல சார். நான்தான் ஓட்டினேன். மூணு டின் குடிச்சிருக்கேன். இவளை உக்கார வச்சதும் நான்தான்."

வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் கருவியில் ஊதினார். வழக்கு எழுதப்பட்டது. படகைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்; துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எழுத்தர் சாவியை வாங்கிக்கொண்டார். அதை ஆணியில் மாட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"சம்பந்தி, ஏதாச்சும் சொல்லிடுங்க" என்றார், படியில் உட்கார்ந்து.

"ஊதினதுல என்ன வந்துச்சுங்கிறது கூட இருக்கட்டும். தங்கச்சிய அந்த சீட்டுல தள்ளினீங்க பாருங்க. நாளைக்கு என் பையன் இப்படிச் செஞ்சா உங்க பொண்ணு என்ன பண்ணும்?" ஓட்டுநர் தண்ணீரைப் பார்த்தார். "எம்மேலயும் தப்பு இருக்கு. முதல் டின்லயே சாவிய எடுத்திருக்கணும். உங்க முகம் வாடுமேன்னு சும்மா இருந்துட்டேன்."

கடைசிவிலையார் படகைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். "ரோட்டுலயாவது கோடு இருக்கு, சிக்னல் இருக்கு. தண்ணியில ஓட்டுறவனோட தெளிஞ்ச தலை ஒண்ணுதான் சிக்னல். அதையும் அணைச்சுட்டு உக்காந்திருந்தேன். குடிச்சவன் படகைத் தொடக் கூடாது. இதுல பேரமே கிடையாது." சம்பந்தி பக்கம் திரும்பினார். "பொண்ணுகிட்ட இதெல்லாம் நானே சொல்றேன்."

"சொல்லுங்க. நாள் குறிக்கிறதப் பத்தி அப்புறம் பொண்ணே சொல்லட்டும்" என்றார் ஓட்டுநர்.

மனைவி லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

"குறைச்சுச் சொல்லாதீங்க. மூணுன்னா மூணு."