உள்ளே மடிந்த வால்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது, ஒரே வரிதான்.

சுவரொட்டி அச்சகம் ஒன்றின் பழைய மர எழுத்துகளைக் கணினி எழுத்துருவாக்கினேன். அதன் அறிமுகக் குறிப்பில், ‘“ஓ” மட்டும் கிடைக்கவில்லை, அதை நானே வரைந்தேன்’ என்று எழுதினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘அச்சுக்கோத்த அந்த அம்மாள் இறந்து பத்து ஆண்டுகளாகின்றன.’ அடித்துவிட்டேன். (அவர் நன்றாக இருக்கிறார். இறந்தவராக்கினால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.)

அடுத்து, ‘அவன் ஓர் எழுத்துரு வடிவமைப்பாளன்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பத்தி தாண்டியதும் அவன்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது. அதையும் அடித்தேன்.

3

நடந்தது இது. முப்பது வருடம் அங்கே அச்சுக்கோத்த அக்கா, கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். நான் மை தடவித் தாளில் ஒற்றியெடுத்தேன். ‘ஓ’ வந்தபோது தயங்கினார்.

“இது பழசு இல்ல தம்பி. பழசு உடைஞ்சுபோச்சு. மறுநாளே போஸ்டர் போகணும். மேசை இழுப்பறைப் பலகைய அறுத்து நானே செதுக்கிட்டேன். பலகை பத்தல, அதான் வால உள்ள மடிச்சேன். அசிங்கமா இருக்கோ?”

“இல்லக்கா, நல்லா இருக்கு.”

அது உண்மை. எழுத்துரு வெளிவந்ததும் எல்லோரும் பாராட்டியது அந்த வாலைத்தான். ‘என்ன துணிச்சல்!’ என்றார் ஒருவர். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். அந்தக் குனிவைச் சொல்ல இன்னும் சரியான சொல்...

4

போன வாரம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். மருமகன் கடைப் பெயர்ப்பலகையில் என் எழுத்துருவாம். அந்த ‘ஓ’ தன்னுடையது என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

“‘கம்ப்யூட்டர்ல வந்தத நீங்க செஞ்சேன்னா எப்படி அத்தை? ஞாபகம் குழம்புது உங்களுக்கு’ங்கறார் மாப்ள, தம்பி. பேத்தி முன்னாடியே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“பல இடத்துல பாத்து வரைஞ்சதுக்கா. கொஞ்சம் ஒத்துப்போகலாம்...”



“அப்படியா?” என்றார். தன் ஞாபகத்தைத்தான் அவர் சந்தேகித்தார். (இந்த இடத்தை எட்டு முறை திருத்தினேன். எதிலும் நான் தப்பவில்லை.)

“எதுக்கும் அன்னிக்கு ஒத்தின தாளப் பாத்துடறேன். மாப்ளையும் நானும் நேர்ல வரோம்.”

5

முடிவு அ: குறிப்பைத் திருத்துகிறேன். அக்கா கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்கிறார். (மன்னிப்பை நானே எழுதி, நானே வாங்கிக்கொள்கிறேன்.)

முடிவு ஆ: தாள் தொலைந்துவிட்டது என்கிறேன். அக்கா, ‘சரி தம்பி’ என்று எழுந்து போகிறார். (இதை எழுத ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை.)

6

அவர்கள் வந்துவிட்டார்கள். அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். தாள் என் மேசைமேல் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்து: ‘அக்கா செதுக்கியது.’

கதவு மெல்லியது.

“எவ்வளவு நேரம் அத்தை? கடையத் திறக்கணும்.”

“இருங்க மாப்ள. எழுத்து வேலை, அவசரப்படுத்தக் கூடாது. அவரு நேர்மையான ஆளு.”

நான் எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான். அடுத்த வரியை உங்களிடம் விடுகிறேன். என்னை நல்லவனாக்க வேண்டாம். கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.