ஒரு நெஞ்சில் இரண்டு லூர்தம்மா

தென்மேற்குப் பருவம் யட்டியாந்தோட்டைக் குன்றுகளின்மேல் வந்து அமரும் நாட்களில் உலகம் நோன்பிருப்பதுபோல் அடங்கிவிடும். இறப்பர் மரங்களின் மேனி நனைந்து கருத்து நிற்கும்; சிரட்டைகளில் பாலுக்குப் பதில் மழைநீர் ததும்பும்; முகில் இறங்கித் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக் கூரைகளைத் தொட்டுத் தொழுது போகும். அத்தகைய ஆனி மாதக் காலையொன்றில், பால்வெட்டும் லூர்தம்மா இருவரானாள். ஒருத்தி தோட்டத்தின் மேற்பிரிவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மற்றவள் அதே சேலையில், அதே வாளியோடு கீழ்ப்பிரிவில் வந்து நின்றாள். அவளுக்கும் நாக்குச் சுட்டது.

செய்தவன் அவள் மகன் ஜெறோம். கொழும்பில் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். தொழிலாளர் விவரங்களை ஒரு பிரிவிலிருந்து மற்றதற்கு அனுப்ப நிருவாகம் அவனிடம் ஒரு நிரல் கேட்டிருந்தது. ஆளைப் பற்றிய அனைத்தையும் ஒற்றை வரியாக மடித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் ஆளாக விரிப்பது அதன் தொழில். எதையும் பெற்றவள் பெயரில் தொடங்கினால் துலங்கும் என்பது லயத்து வழக்கம். ஆகவே வெள்ளோட்டத்துக்குத் தாயின் பெயரைக் கொடுத்தான். அவன் எழுதிய மொழிக்கோ ஓர் இயல்பு உண்டு. படியெடு என்றால் புறக்கூட்டை மட்டும் புதிதாய் வனையும். உள்ளிருப்பவற்றுக்குப் பழைய இடத்தின் முகவரியை எழுதிவைத்து ஓய்ந்துவிடும். அகமும் வேறாக வேண்டுமெனில் எழுதுபவனே விதி செய்து தரவேண்டும். ஜெறோம் அவசரத்தில் தரவில்லை. ஆகவே இரண்டு மேனிக்கும் உள்ளே ஒரே நெஞ்சு, ஒரே வயிறு.

தோட்டத்து மேலாளரான துரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ரெண்டு ஆளு, ஒரு வயிறு! கடவுளுக்கே இந்த யோசனை வரல்லையே ஜெறோம்" என்று தோளில் தட்டி, தோட்டம் முழுவதையும் அவ்வாறே படியெடுக்கச் சொன்னார். தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணராஜ் நீதி கேட்டு விரைந்து வந்தார். இருவருக்கும் தனித்தனி வாக்குரிமை வேண்டும் என்பதே அவர் கேட்ட நீதி. வயிற்றைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் ஒருத்தியை அட்டை கடித்தால் மற்றவள் காலில் குருதி வடிந்தது. இரு குன்றுகளில் இரு மேனிகள் ஏற, ஒரே நெஞ்சு இரைத்தது. ஆடி முடிவதற்குள் இருவர் உதடுகளும் நீலம் பாரித்தன. இருவர் மார்பிலும் ஒரே துடிப்பைக் கேட்ட மருத்துவர், இந்நெஞ்சு அடுத்த மழையைக் காணாது என்றார்.

ஜெறோம் துரையிடம் ஓடினான். "நெஞ்சு ரெண்டு குடுத்தா நாளைக்கு வயிறும் ரெண்டு கேப்பாங்க. விதிய மாத்தினா ஒனக்கு இங்க வேலை இல்ல" என்றார் துரை. அவன் மாற்றவே அமர்ந்தான். ஆனால் முழுப்படி எடுக்கும் விதியோ கண்மூடித்தனமானது: தாயைப் பற்றிக்கொண்டு அவள் கணவனுக்குப் போகும், கணவனைப் பற்றிக்கொண்டு லயத்துக்கு, லயத்தைப் பற்றிக்கொண்டு மலைக்கு; தடுக்காவிட்டால் துரையும் இருவராவார். அந்த ஆபத்தை எண்ணியவன், எதை இரட்டிப்பது, எதைப் பொதுவில் விடுவது என்று தாய்மாரையே கேட்டான்.

"நெஞ்சு, வயிறு, மொழங்காலு. அது அவங்கவங்களுக்குத் தனியா இருக்கட்டும்" என்றாள் ஒருத்தி.

"அப்பா?"

"ஐயோ, அந்தனியவா! இந்த ஒண்ணையே மேய்க்க முடியல" என்றார்கள் இருவரும் ஒருங்கே. வாசலில் அமர்ந்திருந்த அந்தனி இருமினார்.

"அப்ப நான்?" என்றான் ஜெறோம், தயங்கி.

"நீ ஒருத்தன்தாண்டா. பங்கு போட்டுக்கிறோம்" என்றாள் மற்றவள்.

அவ்வாறே விதி எழுதி ஓட்டினான். அன்று நண்பகலில் ஒருத்திக்குப் பசித்தது, மற்றவளுக்குப் பசிக்கவில்லை. இருவரும் அழுதார்கள். கீழ்ப்பிரிவில் அனுமதியற்ற வயிறு ஒன்று உருவாகியிருப்பதாகத் துரை தலைமையகத்துக்கு அறிவித்து, ஜெறோமை வெளியேற்றினார். பின்வந்த ஆண்டுகளில் ஒருத்தி தடித்தாள், மற்றவள் வெற்றிலைக்குப் பழகினாள். இருவரும் சண்டையிட்டுக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் கோள்சொல்ல அவனையே அழைத்தார்கள். இரண்டு தாயருடையவன் என்பது லயத்தில் பேச்சாகவும் இல்லை.

அவன் ஊர் வரும் ஞாயிறுகளில் மூவரும் சிற்றாலயம் போவார்கள். ஒருத்தி மெழுகுதிரி ஏற்ற, மற்றவள் ஈரக்காற்றுக்குக் கை குவித்து மறைப்பாள். திரி நின்றெரியத் தொடங்கியதும், அவன் நெற்றியில் இரு பெருவிரல்கள் அடுத்தடுத்துச் சிலுவையிடும்.

தாயர் நெடிது வாழ்க, மகன் தழைக்க, மலைக்கும் மனைக்கும் மழை அளவாய்ப் பொழிக, உழைக்கும் மேனிதோறும் ஓர் உயிரும் ஓர் உலையும் உண்டாகுக.