நாற்பது லட்சத்துத் தப்பு

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எல்லோரும் அவளைக் கணக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடத்தில் அவள் கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை என்று பெயர். அந்தப் பாழாய்ப்போன பெயர்தான் இப்போது கழுத்தை நெரித்தது. இந்த வருடக் கணக்கில் பதினெட்டு லட்சம் நட்டம். நட்டம் வந்தால் இரண்டாம் ஷிப்டை மூடுவேன் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். வேலை போகிற முப்பது பேரின் பட்டியலையும் அவளையே டைப் அடிக்க வைத்தார், புண்ணியவான். அதில் பதினோராவது ஆள் அவளுடைய நாத்தனார்.

இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூன்று நாளாக நாத்தனாரின் முகத்தைப் பார்த்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் மாலை ஆடிட்டர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளை மூக்கில் உரசிக்கொண்டு படிக்கிற ஆசாமி. ஒரு வரியில் அவர் விரல் நின்றது.

"இந்த நாப்பது லட்சம் என்னம்மா?"

"மெஷினுக்குக் கடன் வாங்கின செலவு சார். பேங்க் கட்டணம், வக்கீல் ஃபீஸ், தரகர் கமிஷன்."

"மொத்தத்தையும் இந்த வருஷச் செலவுல தள்ளிட்டீங்களா?"

"போன வருஷம் ஷேர் வாங்கினப்ப தரகை அப்படித்தானே எழுதினோம்? நீங்களே கையெழுத்துப் போட்டீங்களே."

"அது விக்கிறதுக்குன்னே வாங்கின ஷேர். சந்தை விலையில காட்டுறோம், தரகு அன்னிக்கே செலவு. இது அஞ்சு வருஷக் கடன்மா! இந்தச் செலவைக் கடன்லேர்ந்து கழிச்சுக் காட்டணும். அப்புறம் அது வட்டியோட சேர்ந்து அஞ்சு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா செலவுல ஏறும். இந்த வருஷத்துக்கு எட்டு லட்சம், அவ்வளவுதான்."

அவள் கால்குலேட்டரைத் தட்டினாள். நம்பாமல் மறுபடியும் தட்டினாள். நட்டம் போய் பதினாலு லட்சம் லாபம் நின்றது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கு உடனே ஆசை முளைத்தது. "கடனுக்காக இவங்க ரெண்டு மாசம் அலைஞ்சாங்களே, அந்தச் சம்பளத்தையும் அதுல சேத்துடலாமா?"

"கடன் வாங்கலேன்னாலும் சம்பளம் குடுத்திருப்பீங்கல்ல? அது சேராது. போய் வேலையைப் பாருங்க."

முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு அவள் மேசையிலிருந்த பட்டியலை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அவள் மெஷின் பக்கம் ஓடினாள். நாத்தனார் பசைக் கையோடு நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணி, பட்டியல் வந்தாச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ டைப் அடிச்ச அன்னிக்கே ஷிப்ட் முழுக்கத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு என்ன பண்ண? உன் கணக்குலதான் தப்பே வராதே."

"வந்துடுச்சுடி. நாப்பது லட்சத்துக்குத் தப்பு. பட்டியலைக் கிழிச்சுப் போட்டாச்சு. ஒருத்தருக்கும் வேலை போகல."

நாத்தனார் புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் பசை ஒட்டியது.

"இருபது வருஷத்துல ஒரே ஒரு தப்பு," என்றாள். "அதை எனக்குன்னு எடுத்து வச்சிருந்தியா அண்ணி?"