அடி சிவக்காத புல்

நான் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரைக் காணி நிலமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஊரில் மரியாதை வரும் என்று நினைப்பீர்கள். வராது. பள்ளிக்கூடத்தில் என்னை ‘விவசாயி’ என்பார்கள். கழனியில் ‘வாத்தியார்’ என்பார்கள். இரண்டு இடத்திலும் அதற்குப் பொருள் ஒன்றுதான்: இவனுக்கு வேலை தெரியாது.

நிலத்தைப் பார்த்துக்கொள்வது அண்ணன் சிவப்பிரகாசம். நான் அறுவடையன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்பவன்.

பரிணாமப் பாடத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். உலகத்தில் உயிர்கள் எல்லாம் மாறி மாறி வந்தன என்று சொல்லும் அந்தப் பாடத்தில் மாறாமல் இருப்பது என் நோட்டு மட்டும்தான். பாடத்திட்டம் மாறியது, புத்தகம் இங்கிலீஷுக்கு மாறியது. என் ஒட்டகச்சிவிங்கி மட்டும் அதே மரத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கே சந்தேகமான இடம் வந்தால் என் குரல் தானாகத் தணிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் அதைக் கண்டுபிடித்தவள் கடைசி பெஞ்சுக் கல்பனா. சரியாக அந்த இடத்தில் எழுந்து நிற்பாள்.

“சார், பின்னாடி கேக்கல.”

அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன். ‘இயற்கைத் தேர்வை உன் சுற்றுப்புறத்திலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்குக.’ ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில் இங்கிலாந்து நாட்டு அந்துப்பூச்சி இருந்தது. பாகூர்ப் பிள்ளைகளின் சுற்றுப்புறத்தில் இங்கிலாந்து எப்படி வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லோரும் பூச்சியை எழுதியிருந்தார்கள். கல்பனா மட்டும், ‘எங்கள் ஊரில் இயற்கைத் தேர்வைச் செய்வது என் அம்மா’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முதல் வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. சிவப்பு மையில் ‘அம்மாவுக்கு வணக்கம். விடை தவறு’ என்று எழுதி, முட்டை போட்டேன். ஆசிரியர் அறையில் படித்துக்காட்டிச் சிரிக்கவும் சிரித்தேன்.

அவள் அம்மா வேலம்மாள், எட்டுப் பெண்கள் கொண்ட களையெடுக்கும் குழுவின் தலைவி. எங்கள் கழனிக்கும் அவள்தான். அந்த மார்கழியில் மேல்கழனி நெல் இன்னும் கதிர் வெளிவராமல் பொதி கட்டும் நேரத்தில், நடுவே குதிரைவாலிப் புல் நெல்லின் தலைக்கு மேல் கதிர்விட்டு நின்றது. ஒன்றிரண்டில்லை, கழனி முழுக்க. அண்ணன் காலையில் அதைப் பார்த்துவிட்டு நேராகப் பால் சொசைட்டிக்குப் போனார். அங்கே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வேலம்மாவுக்குக் கண்ணு போச்சு. பாதிப் புல்ல வுட்டுட்டு, முழு வேல செஞ்ச மாதிரி கைய வீசிக்கினு போயிட்டா. சும்மா வந்து மறுபடியும் எடுத்துக் குடுத்தாத்தான் கீழ்க்கழனியில கால் வைக்கலாம்.”

பால் சொசைட்டியில் விழுந்த சொல் பாலை விட வேகமாகத் திரியும். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர், ‘இந்த வருசம் நீ வர வேணாம்’ என்று வேலம்மாளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். களை எடுக்கிறவளுக்குக் கண் போனது என்றால் அவளைப் பிறகு யார் கூப்பிடுவார்கள்? எட்டு வீட்டுப் பிழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோனது.

சனிக்கிழமை காலை. அண்ணனுக்கு டீ பிளாஸ்க் கொண்டுபோயிருந்தேன். எங்கள் வேளாண்மையில் என் பங்கு அவ்வளவுதான். வரப்பின் மேல் எட்டுப் பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். முன்னால் வேலம்மாள், பக்கத்தில் கல்பனா. நான் பிளாஸ்க்கின் மூடியை மிகவும் கவனமாகத் திறக்க ஆரம்பித்தேன்.

“எனக்குக் கண்ணு போச்சுன்னு சொன்னீங்களாமே ஐயா?”

“சொன்னேன். பாரு, நெல்லுக்கு மேல நின்னுக்கினு கைய ஆட்டி ஒன்னத்தான் கூப்புடுது.”

“கதிர் வுட்டப்புறம் யாருக்குத்தான் தெரியாது? நாங்க எடுத்த அன்னிக்கு அது இன்னா மாதிரி இருந்துச்சு தெரியுமா?”

“புல்லு புல்லு மாதிரிதான் இருந்திருக்கும். பூன மாதிரியா இருக்கும்?”

பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வேலம்மாள் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கீழ்க்கழனி பள்ளம். ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாமல் தாமதமாக நட்டது. பயிருக்கு இருபத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது, களையெடுக்கும் பருவம். கல்பனா அதில் இறங்கிப் பத்துச் செடிகளைப் பிடுங்கினாள். வாய்க்காலில் வேரை அலசினாள். வரப்பில் வரிசையாகப் பரப்பினாள்.

“இதுல எது நெல்லு, எது புல்லு? எடுங்க ஐயா.”

“எனக்கே பரீட்சையா?” என்றார் அண்ணன். நாற்பது வருட விவசாயி. உட்கார்ந்து, யோசிக்காமல், ஐந்தை இந்தப் பக்கமும் ஐந்தை அந்தப் பக்கமும் தள்ளினார்.

வேலம்மாள் ஒவ்வொரு செடியாக எடுத்து, இலை தண்டோடு சேரும் இடத்தை நகத்தால் விலக்கிக் காட்டினாள். “இதோ, வெள்ளையா நாக்கு மாதிரி ஒரு தோலு நீட்டிக்கினு இருக்குது பாருங்க, இது நெல்லு. இதுல நாக்கு இல்ல, மொழுக்குனு இருக்குது, இது புல்லு. ஐயா, பத்துக்கு நாலு தப்பு.”

“இவன் படிச்சவன். இவனக் கேளு” என்று என்னை இழுத்துவிட்டார் அண்ணன்.

கலைத்துப் போட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானும் எடுத்தேன். பத்துக்கு ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தாலும் அதே மார்க் வந்திருக்கும். முதுகலைத் தாவரவியலில் அந்த நாக்கை வரைந்து பாகம் குறித்தவன் நான். படத்தில் அது எவ்வளவு பெரியதாக இருந்தது!

“சார் பாஸா, பெயிலாடி?” என்றாள் பின்னால் ஒருத்தி.

“அப்ப நாக்கப் பாத்தா தெரியுது இல்ல? தெரிஞ்சுக்கினேதான வுட்டிருக்க?” என்றார் அண்ணன். அவர் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

“ஒரு கழனியில எத்தினி தூரு ஐயா? தூருக்குத் தூரு நாக்க நீட்டுன்னு கேட்டுக்கினு இருந்தா, நாங்க கரையேறதுக்குள்ள நீங்க அறுப்பே முடிச்சுடுவீங்க. நாங்க பாக்கறது அடிய. அடி செவந்து, தரையோட சாஞ்சு நின்னா புல்லு. ஒரே இழுப்பு. எங்கம்மா அப்படித்தான் எடுத்துது. அதுக்கு முன்ன இருந்தவங்களும் அப்படித்தான் எடுத்தாங்க. இப்ப இதுங்க அடியப் பாருங்க.”

பார்த்தோம். புல்லின் அடி பச்சை. நெல்லைப் போலவே விறைப்பாக நின்று வளர்ந்த தண்டு. சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. நெல்லுக்குச் சக்களத்தி என்று அந்தப் பெண்கள் அதற்குப் பேர் வைத்திருந்தது சும்மா இல்லை.

“அப்ப புல்லு உஷாராயிடுச்சுன்ற. நீங்க அடியப் பாக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கினு கலர மாத்திக்கிச்சு. அதான?” என்றார் அண்ணன், கிண்டலாக.

கல்பனா முன்னால் வந்தாள்.

“புல்லுக்கு ஒண்ணுமே தெரியாது ஐயா. அது எதையும் மாத்திக்கல. எல்லாப் புல்லும் ஒரே மாதிரி பொறக்கறதில்ல. நெறைய செவப்பு, எங்கியோ ஒண்ணு ரெண்டு பச்ச. செவப்ப எங்காளுங்க புடுங்கிப் போட்டுட்டாங்க, அது விதை வுடல. பச்சை தப்பிச்சுது, விதை வுட்டுது. அதுக்குப் பொறந்ததும் பச்சை. மறுவருசம் செவப்பு கொஞ்சம் கொறைஞ்சுது, பச்சை கொஞ்சம் ஏறுச்சு. அதுக்கு மறுவருசம் இன்னும் கொஞ்சம். எத்தினி வருசம், எத்தினி கை! கண்ணு போயிருந்தா இது நடந்திருக்காது ஐயா. செவப்பும் பச்சையும் ஒண்ணா நின்னிருக்கும். எங்கம்மாங்களுக்குக் கண்ணு கூர்மையா இருந்ததாலதான் செவப்பே இல்லாம போச்சு.”

ஒரு மூச்சு விட்டு, என்னைப் பார்க்காமல் சேர்த்தாள்: “இதத்தான் பரீட்சையில எழுதுனேன். சார் முட்ட போட்டாரு.”

எட்டுப் பெண்களும் அண்ணனும் என் பக்கம் திரும்பினார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“ஏன்டா மோகன்,” என்றார் அண்ணன், “இந்தப் பொண்ணு சொல்றது சரியா, தப்பா?”

ஐம்பது வயதில் அண்ணனுக்கு எதிராக நான் எடுத்த முடிவுகள் மொத்தம் இரண்டு. ஒன்று, மீசையை எடுத்தது. இன்னொன்று எனக்கு இப்போது நினைவில்லை.

“சரிதான்” என்றேன், பிளாஸ்க்குக்குள்.

“சார், பின்னாடி கேக்கல.”

அந்தக் குரலில் கேலி இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அம்மாவின் நல்ல பெயர் என் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“சரி!” என்றேன். கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. “அவ எழுதினது சரி, நான் திருத்தினதுதான் தப்பு. படிக்காமலே முட்டை போட்டேன். வேலம்மா கண்ணுல ஒரு குறையும் இல்ல. கல்பனா, மார்க்க மாத்திடறேன்மா.”

“மார்க் அப்புறம் சார்.”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். மீசையை எடுத்த அன்று பார்த்த அதே பார்வை. “சரி, கண்ணு நல்லாவே இருக்கட்டும். அப்ப என் கழனியில மட்டும் ஏன் இவ்ளோ? பக்கத்துக் கழனியில இல்லியே?”

“பக்கத்துக் கழனியும் நாங்கதான் எடுத்தோம்” என்றாள் வேலம்மாள். “இதே கண்ணுதான்.”

“அவங்க விதை வெளிய வாங்கறாங்க” என்றாள் கல்பனா. “நீங்க எங்க வாங்கறீங்க ஐயா?”

“வாங்கறதா?” அண்ணன் நெஞ்சு நிமிர்ந்தது. “எங்கப்பா காலத்துலேர்ந்து சொந்த விதை! இந்தக் கழனியில வெளைஞ்சது இந்தக் கழனிக்கே. ஒரு மணி வெளியேர்ந்து வந்ததில்ல!”

அவர் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் செய்த இரண்டாவது உருப்படியான காரியம், பைக்கை எடுத்தது. விதைத்தது போக மிச்சம் ஒரு மூட்டை விதைநெல் வீட்டில் இருந்தது. இரண்டு கை அள்ளி, முறத்தோடு வரப்புக்குத் திரும்பினேன். கல்பனா பரப்பினாள். நெல்மணிகளுக்கு நடுவே சின்னதாக, முட்டை வடிவில், பளபளப்பாகப் புல் விதைகள். விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு மூலையில் சேர்த்தாள். மூலை நிறைந்துகொண்டே வந்தது.

“நெல்லோட நின்னுச்சு, நெல்லோட அறுத்தாச்சு, நெல்லோட மூட்டையில தூங்குச்சு. நாத்தங்கால்ல நெல்லோட மரியாதையா வெதைச்சாச்சு” என்றாள் வேலம்மாள். “நாங்க ஒரு பக்கம் புடுங்கறோம், நீங்க ஒரு பக்கம் வெதைக்கறீங்க.”

விதை நெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பதரையும் புல் விதையையும் வடித்து எறியுங்கள் என்று வேளாண் துறைக்காரர்கள் சொன்னபோது, ‘ஊறுகாயா போடறேன்?’ என்று கேட்டு அனுப்பியவர் என் அண்ணன். அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவன் நான்.

வேலம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “மேல்கழனிய சும்மா எடுத்துக் குடுக்க மாட்டோம் ஐயா. கீழ்க்கழனிய எடுக்கறோம். ஆனா பால் சொசைட்டியில சொன்னத பால் சொசைட்டியிலயே திருப்பிச் சொல்லணும். இங்க சொன்னா செல்லாது.”

“வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“பாருங்க” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். எட்டுப் பேரும் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானே கீழ்க்கழனியில் இறங்கினார். யார் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுப் ‘புல்லை’ வரப்பில் போட்டார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நாக்கைப் பார்த்தேன். பாதி நெல். நெல்லை ஒரு பக்கம், புல்லை ஒரு பக்கம் அடுக்கி வைத்தேன். அண்ணன் இரண்டு அடுக்கையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அப்பாவின் விதை என்று அதைக் கும்பிட்டவர்.

திங்கட்கிழமை காலை, பால் சொசைட்டி. வேலம்மாளும் அவள் ஆட்களும் எதிரே மின்கம்பத்தடியில் வந்து நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள். அண்ணன் கேனைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

“வேலம்மா மேல தப்பில்ல” என்றார், பால் கேனுக்கு.

அப்போதுதான் தெரிந்தது, குரல் தணிவது எங்கள் குடும்ப வியாதி. அப்பாவிடமிருந்து இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. நான் வரிசையின் கடைசியில் காலிச் சொம்போடு நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடப் பாடம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

“அண்ணா, பின்னாடி கேக்கல!”

மொத்த வரிசையும் திரும்பியது. அண்ணன் முகம் சிவந்தது.

“வேலம்மா கண்ணு நல்லாத்தான் இருக்குது! எடுத்தது சரியாத்தான் எடுத்தா! புல்லு என் விதையிலதான் இருந்துச்சு, வெதச்சவன் நான்! போதுமாடா?”

“எனக்குப் போதும்ணா” என்றேன். “அவங்களக் கேளு.”

வேலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “கெளம்புங்கடி, கீழ்க்கழனி. இனிமே அடிய மட்டும் பாத்தா ஆவாது. சந்தேகம்னா நாக்கையும் பாருங்க. ஐயா, வர்ற வருசம் விதைக்கு உப்பு வாங்க மறந்துடாதீங்க.”

“அம்மா,” என்றாள் கல்பனா, பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “நீங்க நாக்கப் பாத்துப் பாத்துப் புடுங்குனா, நாக்கு நீட்டுன புல்லு மட்டும்தான் தப்பிக்கும். எத்தினியோ வருசம் கழிச்சு அதுக்கும் நாக்கு வந்துடும்.”

“வரட்டுமே” என்றாள் வேலம்மாள். நடையை நிறுத்தவில்லை. “அன்னிக்கு இருக்கறவளுங்க வேற எதையாவது பாத்துக் கண்டுபுடிப்பாளுங்க.”